ஓர் ஆய்வை இருமுறை படித்தது

சமூகவியலில் முதுநிலை முடித்துப் பொது சுகாதாரப் படிப்பில் சேர்ந்தபோது என் வகுப்பில் பெரும்பாலோர் மருத்துவர்கள். தொற்றுநோயியலும் உயிர்ப்புள்ளியியலும் முதல் பருவத்திலேயே வந்துவிட்டன. சமூக அறிவியலோ மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அரைத்தூக்கத்தில் கேட்கும் ஒரு தாளாக ஒதுங்கிக் கிடந்தது. வடசென்னையில் காசநோய்க் களப்பணியில் சில ஆண்டுகளைக் கழித்த பிறகு, அந்த வரிசையே தலைகீழாக இருந்திருக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

இதற்கான சான்று நம் ஊரிலேயே இருக்கிறது. 1956இல் சென்னையில் தொடங்கப்பட்டு, இன்று சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இயங்கும் மையம், நோயாளிகளில் ஒரு பிரிவினரைச் சானடோரியத்தில் (காசநோயாளிகளை மாதக்கணக்கில் தங்கவைக்கும் மருத்துவமனையில்) சேர்த்தும் மறு பிரிவினரை அவரவர் வீட்டிலேயே விட்டும் ஒரே மருந்துகளை ஓராண்டு கொடுத்துப் பார்த்தது. நெரிசலான வீடுகளில், போதிய ஊட்டமில்லாமல் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவில் குணமடைந்தார்கள் என்றும், அவர்களுடைய வீட்டாருக்கு நோய் கூடுதலாகப் பரவவில்லை என்றும் 1959இலும் 1960இலும் வெளியான முடிவுகள் காட்டின. உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சை சானடோரியத்தை விட்டு வெளியே வர இந்த ஆய்வு பெரிய காரணம்.

தொற்றுநோயியல் வகுப்பில் இதை மருந்தின் வெற்றியாகப் படித்தோம். அதே கட்டுரையைச் சமூக அறிவியல் ஆசிரியர் மறுபடி கையில் கொடுத்து, "அந்த வீடுகளுக்குப் போனது யார்?" என்று மட்டும் கேட்டார். சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மீதி மாத்திரைகளை எண்ணியதும், சிறுநீரைப் பரிசோதித்து மருந்து உள்ளே போனதா என்று பார்த்ததும் அப்போதுதான் கண்ணில் பட்டன. வாசற்படி ஏறி இறங்கிய சுகாதாரப் பணியாளர்களின் உழைப்பைக் கழித்துவிட்டால் அந்த மாத்திரைகள் எவ்வளவு தூரம் வேலை செய்திருக்கும் என்பது மருந்தியலுக்குள் அடங்காத கேள்வி.

வியாசர்பாடியில் நான் சந்தித்த ஓர் அம்மா மாத்திரை அட்டையை அரிசி டின்னுக்குள், அரிசிக்கு அடியில் வைத்திருந்தார். மேலே நாலு படி அரிசி. கையை முழங்கைவரை விட்டுத்தான் எடுக்க வேண்டும். "நாலு வீட்டுல பாத்திரம் தேய்க்கிறேன் மேடம். இந்த சீக்குன்னு தெரிஞ்சா நாளைலேருந்து வராதன்னுடுவாங்க. வீட்டுக்காரரும் காலி பண்ணச் சொல்லிடுவாரு" என்றார். எங்கள் படிவத்தில் மருந்தை நிறுத்தியதற்கான காரணங்களாக இருந்தவை மறதி, பக்கவிளைவு, ஊருக்குப் போனது ஆகியவைதான். வாடகை வீட்டுக்காரருக்கு அதில் இடமில்லை.

நடுச்சிகிச்சையில் குடிசை அகற்றப்பட்டு, சென்னையின் தெற்கு ஓரத்தில் உள்ள பெரும்பாக்கம் மறுகுடியமர்வுக் குடியிருப்புக்கு அனுப்பப்பட்டவர்களின் கதை இன்னும் சிக்கலானது. சிகிச்சைப் பதிவைப் புதிய இடத்துக்கு மாற்றிவிடலாம். வேலையை மாற்ற முடியாது. 2021 முதல் சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்றாலும் விடிகாலையில் கிளம்பி இருட்டிய பிறகு திரும்புகிறவர் சுகாதார நிலையம் திறந்திருக்கும் நேரத்தில் அங்கே எப்படி நிற்பார்? காசநோயாளிகளின் ஊட்டச்சத்துக்காக அரசு தரும், மாதம் 500 ரூபாயாக இருந்த உதவித்தொகை 2024இல் 1,000 ரூபாய் ஆனது வரவேற்கத்தக்கது. ஆனால் வேலைக்குப் போகாமல் வரிசையில் நிற்கும் ஒவ்வொரு நாளும் கூலியில் கழியும்போது அந்தத் தொகை எத்தனை நாளுக்குக் காணும் என்பதையும் கூடவே கேட்டாக வேண்டும்.

பொதுவாகச் சமூக அறிவியல் படித்தவர்களை ஆய்வின் கடைசியில்தான் கூப்பிடுவார்கள்: எண்கள் வந்துவிட்டன, நாலு நேர்காணல் எடுத்து ஓர் அத்தியாயம் எழுதிக் கொடுங்கள் என்று. கேள்விகளை முடிவு செய்யும் மேசையில் இடமில்லாதபோது அந்த அத்தியாயம் வெறும் அலங்காரம். இப்போது வேலை செய்யும் திட்டத்தில் நேர்காணலுக்கான கேள்விப் பட்டியலின் வரைவு நிலையிலேயே உட்கார வாய்த்திருப்பதால், வேலை நேரம், கூலிப் பிடித்தம், வீட்டு வாடகை, நோயை யாரிடமெல்லாம் சொல்லியிருக்கிறார்கள் என்பவற்றுக்குத் தனிப் பக்கம் சேர்த்திருக்கிறோம். நேர்காணல் நீள்கிறது என்று புள்ளியியல் பிரிவு முறையிடுகிறது; அது நியாயமான முறையீடுதான். நேரத்தைக் குறைப்பதற்கு வேறு பக்கங்களில் இடம் தேடிக்கொண்டிருக்கிறோம்.