வீட்ல குஞ்சு பொரிச்ச சிறகி வாத்துக்கு லைசென்ஸ் கேட்டுப் போன அனுபவம்

கும்பகோணம் பக்கம் எங்க மாமா கொல்லைல 11 சீழ்க்கைச் சிறகி (ஒரு வகை காட்டு வாத்து) இருந்துச்சு. ரொம்ப வருஷம் முன்னாடி அறுப்பு சமயத்துல வயல்ல கெடச்ச முட்டைய நாட்டுக்கோழிகிட்ட அடை வச்சிருக்கார், அப்ப பொரிஞ்சது, அதுங்க குஞ்சு, குஞ்சோட குஞ்சுனு இப்ப இருக்கறது எல்லாமே கொல்லைலயே பொறந்ததுங்க. மாமா ஓசூருக்கு மகன் வீட்டோட போறதா முடிவானதும் "மாப்ள, இதுங்களுக்கு ஒரு லைசென்ஸ் வாங்கி நல்ல எடமா பாத்து குடுத்துருவோம்டா"ன்னார், அலையற வேலை என் தலைல விழுந்துச்சு.

இதே மாதிரி யார் வீட்லயாவது இருந்தா மொதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்குங்க, அப்படி ஒரு லைசென்ஸே கிடையாது. 1972 வன உயிரின பாதுகாப்புச் சட்டத்துல அட்டவணைல, அதாவது பாதுகாக்கற உயிரினங்களோட பட்டியல்ல இருக்கற ஒரு உயிரினத்த புடிச்சிட்டு வந்தாலும் சரி, வீட்லயே பொரிச்சாலும் சரி ரெண்டும் ஒண்ணுதான். 39ஆவது பிரிவுப்படி அது அரசாங்கச் சொத்து. நம்ம ஊரு காட்டு வாத்து எல்லாம் அட்டவணைல இருக்கு, சிறகி, புள்ளிமூக்கு வாத்து எதுவும் தப்பாது.

எல்லாரும் கொழம்பற எடம் ஒண்ணு இருக்கு, நெட்ல பழைய கட்டுரைகள்ல வாத்து வகை அட்டவணை 4ல இருக்குனு போட்டிருப்பாங்க, அது அப்ப சரிதான், ஆனா 2022ல சட்டத்த திருத்தி 2023 ஏப்ரல் 1லேர்ந்து அட்டவணையவே மாத்தி அடுக்கிட்டாங்க, இப்ப சிறகி அட்டவணை 2ல இருக்கு, புது அட்டவணை 4ங்கறது சைட்டீஸ்ங்கற சர்வதேச வன உயிரின வியாபார ஒப்பந்தத்துல வர்ற உயிரினங்களுக்கு. அந்த 4க்குத்தான் பரிவேஷ்ங்கற மத்திய அரசு போர்ட்டல்ல பதிவு பண்ற வசதி இருக்கு. இத பாதி தெரிஞ்ச ஒரு புரோக்கர் "அட்டவணை 4 தானே சார், ஆன்லைன்ல பதிஞ்சு தர்றேன், பத்தாயிரம் ஆகும்"னு மாமாகிட்ட அட்வான்ஸ் கேட்டுட்டு இருந்தான். மக்காவ் மாதிரி வெளிநாட்டுக் கிளி வச்சிருக்கறவன் பதிவு பண்ணிட்டு நிம்மதியா இருக்கலாம், நம்ம ஊரு பச்சைக்கிளி வச்சிருக்கறவன் மேல கேஸ், அந்தப் பச்சைக்கிளி கதைதான் சிறகிக்கும். 2003ல சில வகை உயிரினங்கள ஏற்கனவே வச்சிருந்தவங்க கணக்கு காட்டறதுக்கு 180 நாள் டைம் குடுத்தாங்க, அதோட அந்தக் கதவும் மூடிடுச்சு.

திருச்சில ஒரு நண்பர் வாங்கிக்க ரெடியாத்தான் இருந்தார். கைமாத்தி விட்டா ரெண்டு பக்கமும் மாட்டுவோம், 3 வருஷம் வரைக்கும் ஜெயில், இல்ல 1 லட்சம் வரைக்கும் அபராதம், ரெண்டும் சேந்தும் வரலாம். அதனால லைசென்ஸ் பேச்ச விட்டுட்டு நேரா வனச்சரக அலுவலகம் போய் ஒப்படைக்கறோம்னு மனு குடுத்தோம். எப்படி வந்துச்சு, எத்தன இருக்கு, யாருக்கும் வித்ததில்ல, ஊர விட்டுப் போறதால தானா முன்வந்து குடுக்கறோம், அவ்வளவுதான் எழுதினது. நாமளா போனதாலயோ என்னவோ கேஸ் போடல, ஆனா அது அந்தந்த அதிகாரி கைல இருக்கு, போறதுக்கு முன்னாடி ஒரு வக்கீல்கிட்ட பேசிக்கறது நல்லது.

வனவர் ஒருத்தர் வந்து வலை வழியா எண்ண ஆரம்பிச்சார், ஒவ்வொரு தடவையும் ஒரு எண்ணிக்கை, அதுங்க ஒரு எடத்துல நின்னாத்தானே. கடைசில மாமாவே உள்ள போய் ஒண்ணொண்ணா தூக்கிக் குடுத்தார், மகஜர்ல கையெழுத்து போட்டோம். கால்நடை டாக்டர் ரெக்கைய விசிறி மாதிரி விரிச்சு பாத்தார், ஒரு பக்கம் மட்டும் பெரிய எறகு பாதில கத்தரிச்சு குழாய் குழாயா நின்னுச்சு, பறந்து போயிடக் கூடாதுனு மாமா பண்ண வேலை. "எலும்பு வெட்டல, நல்லவேள, எறகு உதுத்து புதுசு மொளச்சா பறக்கும்"னார், வாத்துங்க பறக்கற எறகெல்லாத்தயும் ஒரே நேரத்துல உதுக்குமாம், அதனால அதுவரைக்கும் எங்கயும் விட முடியாதுனு மறுவாழ்வு மையத்துக்கு ஏத்திட்டாங்க. மையத்துக்கு அனுப்பற பேப்பர் வர்றதுக்குத்தான் எங்கள இழுத்தடிச்சாங்க, அதுவரைக்கும் தீனி செலவும் எங்களோடதுதான்.

அமெரிக்கால வீட்ல பொரிச்ச வாத்துக்கு ஆறு வாரத்துக்குள்ள வளையம் மாதிரி ஏதாவது அடையாளம் போட்டுட்டா வச்சுக்கலாம்னு மாமா எங்கயோ கேட்டுட்டு வந்து சண்டைக்கு நின்னார். இருக்கு, வாஸ்தவம்தான். ஆனா இங்க அத அனுமதிச்சா ஏரில கண்ணி வச்சு புடிக்கறவன் குஞ்சு காலுக்கு மொதல்ல வளையம் மாட்டிருவான், அதனால எனக்கு நம்ம சட்டம் இவ்ளோ கறாரா இருக்கறதுல பெருசா குறை தெரியல, குறை சொல்லணும்னா கறிக்கு விக்கறவன விட்டுட்டு மனு குடுக்கறவன அலைய விடறதத்தான் சொல்லுவேன்.

வாத்து வளத்தே ஆகணும்னா நாட்டு வாத்து, மஸ்கோவி வாத்து ரெண்டும் வளக்கலாம், வன இலாகா பக்கமே போக வேண்டியதில்ல.