பர்ஸும் துண்டும்

6 மணி நேரம் கார் ஓட்டி இறங்கினால் வலது இடுப்பிலிருந்து தொடை வரை சுரீரென்று இழுக்கும். வயசாகிவிட்டது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். வில்லன் பின் பாக்கெட்டில் இருந்தான்: பழைய ரசீதுகளால் உப்பிப்போன பர்ஸ். அதன்மேல் உட்கார்ந்தால் இடுப்பு ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும். பிட்டத்தின் வழியாக இறங்கும் சயாட்டிக் நரம்பும் அழுந்தும். இப்போதெல்லாம் வண்டியில் ஏறியதும் பர்ஸ் டேஷ்போர்டு பெட்டிக்குள் போய்விடும்.

அப்புறம் துண்டு. காசு கொடுத்து வாங்கிய முதுகுத் தலையணை எனக்குச் சரிப்படவில்லை, ரொம்பத் தடிமன். குளிக்கிற துண்டைச் சுருட்டி, பெல்ட் கட்டும் இடத்துக்குச் சற்று மேலே வைத்துக்கொள்கிறேன். முதுகின் உள்வளைவு அதில் அப்படியே பொருந்திவிடுகிறது. ஒரு மணி நேரம் போனால் அதுவும் உறுத்தும். விரல்கடை அளவு மேலேயோ கீழேயோ நகர்த்தினால் போதும். சீட்டையும் முன்னே இழுத்துவிட்டேன். பிரேக்கை முழுசாக மிதித்தாலும் முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும்.

2 மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி, கொஞ்சம் நடை. பக்கத்து சீட்டில் மனைவி உட்கார்ந்தபடியே குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குவாள். கெண்டைக்கால் சதை இயங்கினால் ரத்தம் தேங்காது. எல்லாம் சரி, வழியில் இறங்க வேண்டியிருக்குமே என்று தண்ணீர் குடிக்காமல் வருகிற பழக்கத்தை மட்டும் விடமாட்டேன் என்கிறாள்.