முந்நூறா, ஐந்நூறா

ரங்கோன் பயின்னாங் மொத்தச் சந்தையில், ஒரு பருப்புக் கடையில், முப்பது வருஷத்துக்கு மேலாகக் கணக்கு எழுதுகிறேன். எழுதுகிறேன் என்பது பேச்சுக்கு. முதலாளி பேரேட்டைத் திறந்து நான் பார்த்ததில்லை. என் பக்கம் திரும்பிப் புருவத்தை உயர்த்துவார், அவ்வளவுதான். போன தை மாதம் பெகு உளுந்து என்ன விலைக்குப் போனது, ஈரம் என்று சொல்லி எத்தனை வீசை கழித்தார்கள், லாரிக்காரனுக்கு எவ்வளவு பாக்கி, எல்லாம் வந்து விழும். குத்தூசியை மூட்டையில் செருகி இழுத்தால் கைநிறையச் சரக்கு சரியும் அல்லவா, அந்த மாதிரி. கேட்டது ஒரு பிடி. வருவதை நிறுத்தத் தெரியாது.

தேதி சொன்னால் கிழமை சொல்வேன். 1987 செப்டம்பர் 5, சனிக்கிழமை. 25, 35, 75 கியாட் நோட்டுகள் செல்லாது, மாற்றும் தர மாட்டோம் என்று அரசாங்கம் சொன்ன நாள். எனக்குப் பதினாலு வயது. அப்பா பிஸ்கட் டின்னைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு, செல்லாத காசை மூன்று தடவை எண்ணினார். மூன்று தடவையும் ஒரே தொகை. பிறகு 45ம் 90ம் வந்தன. கடைத்தெருவே கூட்டத் தெரியாமல் திணறியபோது நான் மட்டும் மனக்கணக்காகச் சில்லறை கொடுத்தேன். 'இவன் தலையில் பேரேடு இருக்கு' என்று பெயர் கிடைத்தது. அந்தப் பெயரில்தான் பிறகு வேலையும் கிடைத்தது.

நம் ஊரில் இதைக் கொண்டாடுவார்கள். செய்குத்தம்பிப் பாவலர் 1907ல் சென்னை விக்டோரியா ஹாலில் நூறு விஷயங்களை ஒரே நேரத்தில் மனத்தில் நிறுத்திச் சதாவதானி ஆனார். ஆனால் அது பழகிப் பெற்ற வித்தை. மேடையை விட்டு இறங்கினால் இறக்கி வைத்துவிடலாம் என்றுதான் நினைக்கிறேன். எனக்கு இறக்கி வைக்க இடமில்லை.

2008 மே 2 வெள்ளிக்கிழமை ராத்திரி நர்கிஸ் புயல் அடித்தது. எங்கள் கிடங்கின் தகரம் முழுக்கப் பறந்தது. மூன்றாம் நாள் போய்ப் பார்த்தால் நனைந்த மூட்டைகளின் தையல் இடுக்கில் வெள்ளை வெள்ளையாக முளை. கையை வைத்தால் சூடு, காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி. புளிப்பும் மண்ணும் கலந்த ஒரு வாசனை. இன்றைக்கும் வீட்டில் தோசைக்கு உளுந்து ஊறினால் நான் திண்ணைக்குப் போய்விடுவேன். 'இந்த மனுஷனுக்கு இட்லி ஆகாது' என்று என் மனைவி சொந்தக்காரர்களிடம் சொல்லி வைத்திருக்கிறாள். நல்ல மனுஷி, காரணத்தைச் சொல்வதில்லை.

அந்த வாரம் அரிசி கிடைக்காமல் தவித்தபோது அரை மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தவர் ஒரு தரகர். மாமா என்றுதான் கூப்பிடுவேன்.

ஒன்பது வருஷம் கழித்து, 2017 ஆகஸ்டில், இந்தியா இறக்குமதிக்குக் கட்டுப்பாடு போட்டது. துவரைக்கு 5ஆம் தேதியே வந்துவிட்டது, வருஷத்துக்கு 2 லட்சம் டன்தான் என்று. 21ஆம் தேதி திங்கட்கிழமை உளுந்துக்கும் பாசிப்பயறுக்கும் சேர்த்து 3 லட்சம் டன். எங்கள் உளுந்துக்கு இந்தியாவை விட்டால் வாங்க ஆளில்லை. விலை தலைகுப்புற விழுந்தது. முந்தின வெள்ளிக்கிழமை, டீக்கடையில் வாய்ப்பேச்சாக, பழைய விலைக்கு எங்களிடம் சரக்கு பேசியிருந்தார் மாமா. செவ்வாய்க்கிழமை வந்து, "நான் முந்நூறு மூட்டைதானே சொன்னேன்" என்றார். முதலாளி புருவத்தை உயர்த்தினார்.

நான் சொன்னேன். எந்த மேஜை, எந்தப் பக்கம் உட்கார்ந்தார், தட்டில் மிச்சமிருந்த அரைச் சமோசா, டீயை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு 'ஐந்நூறாப் போட்டுக்கோ' என்று சொன்னது, எல்லாவற்றையும் எட்டுப் பேர் நடுவில், அவர் குரலிலேயே சொன்னேன். அந்தக் குரல்தான் தப்பு. யாரோ சிரித்தார்கள். மாமா கைலியை அவிழ்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டு, "தம்பி சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். பணம் வந்தது, அவர் வரவில்லை. முதலாளி எனக்கு ஒரு மாதச் சம்பளம் கூடுதலாகக் கொடுத்தார்.

அமெரிக்காவில் ஜில் பிரைஸ் என்ற அம்மாவைப் பற்றிப் பிறகு படித்தேன். 1980லிருந்து ஒவ்வொரு நாளும் அவருக்கு நினைவிருக்கிறதாம். 2006ல் கலிபோர்னியாவின் இர்வைன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் அதை எழுதினார்கள். ஹைப்பர்தைமீசியா என்று பெயர். ஊரார் வரம் என்கிறார்கள், அவரோ பாரம் என்கிறார். எனக்கு இருப்பது அந்த அளவு இல்லை. ஆனால் என்னை உட்கார வைத்தது வேறொன்று. 2013ல் இப்படிப்பட்ட இருபது பேரைச் சோதித்துப் பார்த்ததில், நடக்காததை நடந்ததாக நம்புவதில் அவர்களும் மற்றவர்களைப் போலத்தான் என்று தெரிந்தது.

அதைப் படித்த வாரம் பழைய சட்டைப்பை நோட்டுகளைக் கிளறினேன். 2017 ஆகஸ்ட் 18, வெள்ளி. என் கையெழுத்து. டீக்கறை. '300 மூ.' என்று இருந்தது.

ஐந்நூறு எங்கிருந்து வந்தது? அரைச் சமோசா இப்போதும் கண்ணில் நிற்கிறது. அவர் உதடு 'ஐ' என்று விரிவதுகூடத் தெரிகிறது. முதலாளியிடம் நோட்டைக் காட்டினேன். "எந்தக் காலத்துக் கதைப்பா, விடு" என்றார். விடத் தெரிந்தவர்.

மாமா இப்போது ஆற்றுக்கு அக்கரையில், சிரியம் என்ற ஊரில், மகள் வீட்டில் இருக்கிறார். போன மாதம் பாலம் தாண்டிப் போனேன். வாசலில் சாய்வு நாற்காலி. கண் மங்கல், ஆனால் குரலை வைத்தே கண்டுகொண்டார். டீ வந்தது. நோட்டு சட்டைப்பையில் இருந்தது.

"மாமா, அந்த உளுந்து விஷயம்..." என்று ஆரம்பித்தேன்.

அவர் என் முழங்காலைத் தட்டினார். "அதை இன்னும் சுமந்துக்கிட்டா இருக்கே? நான்தான் தம்பி தப்பு. ஐந்நூறுன்னுதான் சொன்னேன். அந்த டீக்கடை, அந்த மேஜை, எனக்கே நல்லா ஞாபகம் இருக்கு."