ஊருணிக் கரையில் ஏழு பேர்

ஜூன் 8, 2025, ஞாயிறு

வாட்ஸ்அப் குழுவில் 64 பேர். 'நாளை காலை 6 மணி, ஊருணி' என்று நேற்றிரவு போட்டதற்கு 31 கட்டைவிரல். வந்தது ஏழு. எட்டாவதாக ஒருவர் எட்டே காலுக்கு வந்தார். நாங்கள் வெட்டிப் போட்ட சீமைக் கருவேலத்தைத் தூக்குவதுபோல் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். மதியம் ஸ்டேட்டஸில், 'நம் பணி தொடரும்'. நம்!

ஜூன் 9

உள்ளங்கையில் கொப்புளம். கிளை கழிக்க ஆள் கிடைக்கிறது. தூரோடு எடுக்காவிட்டால் மறுபடி துளிர்த்துவிடும் என்பது தெரிந்தும், கடப்பாரையைத் தொட மூன்று பேருக்கு மேல் இல்லை.

ஜூன் 15, ஞாயிறு

ஐந்து பேர். யார் யார் வரவில்லை என்று நான் எண்ணப்போய் வாய்த்தகராறு. "சேவைக்கு வந்துட்டு கணக்குப் பார்க்கக் கூடாது தம்பி" என்றார் பெரியவர். சரிதான். ஆனால் கணக்கு பார்க்காததால் யாருக்கு லாபம்?

பிரெஞ்சு வேளாண் பொறியாளர் ரிங்கெல்மான் ஆட்களைக் கயிறு இழுக்க விட்டுப் பார்த்தாராம். 1913இல் வெளிவந்த முடிவு: எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தால் ஆளுக்குப் பாதி பலம்தான் தேறுகிறது. எங்கள் 64க்குக் கயிறே அசையாது போல.

ஜூன் 18

குடிமராமத்து பற்றிப் படித்தேன், ஊர்க்காரர்களே சேர்ந்து குளம், வாய்க்காலைப் பராமரிக்கும் பழைய வழக்கம். தானாக வந்து செய்த வேலை என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். வராதவர்களுக்காக 1858இல் மதராஸ் மாகாணத்தில் சட்டமே போட்டிருக்கிறார்கள்: கட்டாய வேலைச் சட்டம். அப்போதும் கட்டைவிரல் காட்டியவர்கள் இருந்திருப்பார்கள்.

ஜூன் 22, ஞாயிறு

கரையை இருபது அடித் துண்டுகளாகப் பிரித்து, சுண்ணாம்புக் கோடு போட்டு, பெயர் எழுதினோம். 19 பேர் வந்தார்கள்! தன் பெயர் வெயிலில் கிடப்பதைப் பார்க்க யாருக்கும் மனமில்லை.

வராதோர் பட்டியலில் ஒரு டீச்சர் பெயரையும் எழுதியிருந்தேன். வாராவாரம் எங்கள் டீக்கடைக் கணக்கை அடைப்பது அவர்தானாம். கடைக்காரர் சொல்லித்தான் தெரியும். பட்டியலில் அவர் பெயரை அடித்துவிட்டேன். ரத்ததானக் குழு ஒன்றை நான் மியூட்டில் போட்டு இரண்டு வருஷம் ஆகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஸ்டேட்டஸ்காரரின் துண்டு மட்டும் அப்படியே நிற்கிறது. "நாமளே வெட்டிருவோமாண்ணே?" என்றான் பக்கத்துத் துண்டுக்காரன். கிடக்கட்டும் என்றேன்.

ஜூன் 29, ஞாயிறு

கிடக்க விட முடியவில்லை. ஊருணிக்குத் தண்ணீர் வரும் வரத்துக்கால் வாயே அந்தத் துண்டில்தான் இருக்கிறது. நானும் அவனும் வெட்டினோம், தூரோடு. படம் எடுக்கவில்லை. எடுத்திருக்கலாம்.