429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297

நேத்து ராத்திரி தூக்கம் வராம நோட்டு பேனா எடுத்து 6700417ஐ 641ஆல பெருக்கிப் பாத்தேன். 600க்கு 4020250200, 40க்கு 268016680, ஒண்ணுக்கு அதே 6700417, மூணையும் கூட்டுனா 4294967297, கடைசி இலக்கம் வரைக்கும் சரியா வந்து உக்காந்தப்ப அவ்ளோ சந்தோஷம்.

இந்த நம்பர் எங்கருந்து வருதுன்னா, 2ல ஆரம்பிச்சு வர்க்கம் பண்ணிட்டே போங்க, 2, 4, 16, 256, 65536, ஒவ்வொண்ணுலயும் 1 கூட்டுங்க: 3, 5, 17, 257, 65537. அஞ்சும் பகா எண். இப்படியே போனா எல்லாமே பகா எண்ணாத்தான் இருக்கும்னு 17ஆம் நூற்றாண்டுல கணித மேதை ஃபெர்மா நம்புனார். அடுத்தது தான் நம்மாளு 4294967297, அதாவது 2ன் 32ஆம் அடுக்கு கூட 1. 1732ல இன்னொரு கணித மேதை ஆய்லர் இது 641ஆல மீதியில்லாம வகுபடுதுன்னு காட்டிட்டார். இதோட பகா காரணி எதுவா இருந்தாலும் 64ஆல வகுத்தா மீதி 1 தான் வரணும், அதையும் அவரே பின்னாடி நிரூபிச்சார். அப்போ சோதிக்க வேண்டியது 193, 257, 449, 577, அப்புறம் 641, அவ்ளோதான், அஞ்சாவது வகுத்தல்லயே மாட்டிக்குது!

ஆனா எனக்கு ரொம்பப் பிடிச்சது வகுக்காமலே காட்டுற வழி. 640ங்கிறது 5 தடவ 128, அதாவது 5 பெருக்கல் 2ன் 7ஆம் அடுக்கு. 641க்கு ஒண்ணு கம்மி, அதனால 641ஆல வகுத்தா மீதி −1னு வச்சுக்கலாம். அத நாலாம் அடுக்குக்கு ஏத்துனா 5ன் நாலாம் அடுக்கு பெருக்கல் 2ன் 28ஆம் அடுக்கு, மீதி 1. இன்னொரு பக்கம் 641ங்கிறது 625ம் (அதாவது 5ன் நாலாம் அடுக்கு) 16ம் சேந்தது, அதனால 5ன் நாலாம் அடுக்கு வர்ற இடத்துல −16 போடலாம், 16ங்கிறது 2ன் நாலாம் அடுக்கு, ஏற்கனவே 28ஆம் அடுக்கு இருக்கு, ரெண்டும் சேந்து மைனஸ் 2ன் 32ஆம் அடுக்கு, அதோட மீதி தான் அந்த 1. அப்போ 2ன் 32ஆம் அடுக்கோட மீதி −1, கூட 1 சேத்தா பூஜ்யம். முடிஞ்சுது. ஒரே 641 ரெண்டு விதமா பிரியறதுலதான் மொத்த விஷயமும் இருக்கு, இத முதல் தடவ புரிஞ்சுக்கிட்டப்ப ரெண்டு நாள் இதே நெனப்பு தான்.

நம்ம 4294967297ல 2 கழிச்சா 4294967295, ப்ரோக்ராம் எழுதுறவங்களுக்குத் தெரியும், 32 பிட்ல, அதாவது 0ம் 1ம் மட்டும் வர்ற 32 இலக்கத்துல, அடங்குறதுலயே பெரிய எண். அதப் பிரிச்சா 3 × 5 × 17 × 257 × 65537, அந்த அஞ்சு பகா எண்ணும் அப்படியே! இத்தன பக்கம் உள்ள ஒழுங்கு பலகோணத்த ஸ்கேல், காம்பஸ் மட்டும் வச்சு வரையலாம்னு காஸ் கண்டுபிடிச்ச விதி சொல்லுது (அவர் 1796ல 17 பக்கத்துல ஆரம்பிச்சார்), அப்படி வரைய முடியும்னு இன்னைக்கு வரைக்கும் தெரிஞ்ச ஒற்றைப்படை எண்கள்ல இதான் பெருசு.

ஃபெர்மாவோட வரிசைல வர்றத ஃபெர்மா எண்கள்னு சொல்லுவாங்க, 4294967297க்கு அடுத்த ஃபெர்மா எண் 18446744073709551617. 1880ல லாண்ட்ரி அத 274177ம் 67280421310721ம்னு பிரிச்சார், கம்ப்யூட்டர் இல்லாத காலத்துல. ஞாயித்துக்கிழமை இதையும் பேனாவாலயே பெருக்கிப் பாக்கப் போறேன், புது நோட்டு வாங்கணும்.