நான் எங்கடா இருக்கேன்?

இறுதியாண்டு ப்ராஜெக்டாக ஒரு வீடியோ கேம் செய்யலாம் என்று முடிவானபோது நாங்கள் ஏழு பேர். மூவர் கோடிங், இருவர் ஓவியம், ஒருவன் ஒலி. மிச்சமிருந்த எனக்குத் தலைமைப் பொறுப்பு வந்தது. திறமை பார்த்துக் கொடுக்கவில்லை. முதல் நாள் நோட்டில் குறிப்பெடுத்தவன் நான் மட்டும்தான்.

கேம் எளிமையானது. ஒரே திரை, நான்கு பொம்மைகள், ஒரு மூட்டை. பிடுங்க வேண்டும், தள்ள வேண்டும், ஓட வேண்டும். 90 விநாடி முடியும்போது மூட்டை யார் கையில் இருக்கிறதோ அவர் ஜெயித்தார். எல்லாரும் ஒரே அறையில் உட்கார்ந்து ஆடுவதால் சர்வர் வேண்டாம், நெட் தாமதம் பற்றிய கவலை வேண்டாம். பாதி வேலை மிச்சம் என்று சந்தோஷப்பட்டோம்.

முதல் மோதல் கேமுக்குள் இல்லை, எங்களுக்குள்தான். நாங்கள் கேம் செய்யப் பயன்படுத்திய யூனிட்டி மென்பொருளில் ஒவ்வொரு சீனும், அதாவது கேமின் ஒவ்வொரு காட்சியும், ஒரு கோப்பு. திறந்து பார்த்தால் ஆயிரக்கணக்கான வரிகள்; மனிதர் உட்கார்ந்து படிக்கிற மாதிரியானவை அல்ல. இரண்டு பேர் ஒரே சீனை ஆளுக்கொரு விதமாக மாற்றி, எல்லார் வேலையையும் ஒன்றாகச் சேர்த்து வைக்கும் கிட்ஹப் தளத்தில் ஏற்ற, இரண்டையும் சேர்க்க முடியாமல் ஒரு முழு நாள் போயிற்று. அப்புறம் மேசை மேல் ஒரு டஸ்டரை வைத்தோம். டஸ்டர் யாரிடம் இருக்கிறதோ அவர்தான் சீனைத் தொடலாம். அதையும் பிடுங்கிக்கொண்டு ஓடினார்கள். சரி, கேமுக்குப் பயிற்சி என்று விட்டுவிட்டேன்.

ஐந்தாவது வாரத்தில் வெளியாட்கள் நால்வரைக் கூட்டிவந்து ஆடவிட்டோம். நான் அவர்கள் முதுகுக்குப் பின்னால் நின்று, “அந்த பட்டனை அமுக்குங்க, இப்போ குதிங்க” என்று வர்ணனை செய்துகொண்டிருந்தேன். அது எவ்வளவு பெரிய தப்பு என்று அப்போது தெரியாது. நான் சொல்லிக்கொடுத்த இடமெல்லாம் கேம் சொல்லத் தவறிய இடம். நான் மூச்சு வாங்கிய ஒரு இடைவெளியில்தான் அந்தக் கேள்வி காதில் விழுந்தது: “நான் எங்கடா இருக்கேன்?” அடுத்த ஆட்டத்தில் வேறொருவர் கேட்டார். அதற்கடுத்த ஆட்டத்திலும் அதே கேள்விதான்.

நான்கு பொம்மைகளும் ஒரே உருவம், நிறம் மட்டும் வேறு. சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாதவர்கள் இருக்கிறார்கள் என்பதை நாங்கள் யோசிக்கவே இல்லை. நன்றாகத் தெரிகிறவர்களுக்கே ஆட்டம் சூடு பிடித்ததும் நிறம் உதவவில்லை. ஓவியம் வரைந்தவளிடம் எல்லாவற்றையும் மாற்றச் சொன்னபோது அவள் முகம் வாடியது. இரண்டு வாரம் உட்கார்ந்து வரைந்தவள். ஆனால் ஒருத்தன் ஒல்லி நெட்டை, ஒருத்தன் உருண்டை, ஒருத்தனுக்குக் கொம்பு, ஒருத்தனுக்கு நீள வால் என்று கறுப்பு நிழலாக முதலில் வரைந்து காட்டியது அவளேதான். நிறமே இல்லாமல் அடையாளம் தெரிந்தது.

அதற்குப் பிறகு நான் திரையைப் பார்ப்பதை விட்டு ஆடுகிறவர்களைப் பார்க்க ஆரம்பித்தேன். வாயைத் திறக்காமல் இருக்க நோட்டும் பேனாவும் உதவின. அப்படித்தான் ஒன்று கண்ணில் பட்டது. எல்லாரும் முதல் கண்ட்ரோலருக்கே சண்டை போட்டார்கள். கேட்டால், “அது ராசியானது” என்றார்கள். ராசியெல்லாம் இல்லை, எங்கள் பிழை. கேம் விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகிறது, அதாவது ஒரு ஃப்ரேமுக்குச் சுமார் 16.7 மில்லி விநாடி. அதற்குள் இருவர் மூட்டையைத் தொட்டால், எங்கள் நிரல் கண்ட்ரோலர்களை ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று வரிசையாகப் பார்க்கும். முதலில் விசாரிக்கப்பட்டவருக்கே மூட்டை. கூட்டமாக மோதுகிற கேமில் இது எத்தனை முறை நடக்கும்!

கண்டுபிடித்த குஷியில் அன்றிரவே அந்தப் பகுதி முழுவதையும் நானே திருத்தி எழுதினேன். மூன்று மணிக்கு முடித்துவிட்டுப் பெருமையோடு தூங்கினேன். காலையில் அதை முதலில் எழுதிய நண்பன் திறந்து பார்த்தான். “நல்லா இருக்கு. இனிமே நீயே எழுதிக்கோ” என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. இரண்டு நாள் டஸ்டரை யாரும் தொடவில்லை. பிழையைச் சொல்லிவிட்டு விலகியிருக்கலாம். அதற்கு இரண்டு நிமிடம் போதும். எனக்கோ நானே சரிசெய்துவிட்டேன் என்ற திருப்தி தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

நான் எழுதியதை அழித்துவிட்டு, அவனிடம் பிழையை மட்டும் காட்டினேன். அவன் செய்தது எனக்குத் தோன்றாத ஒன்று. ஒரே ஃப்ரேமில் இருவர் தொட்டால் மூட்டை இருவருக்குமே கிடைக்காது. துள்ளி மேலே பறந்துவிடும். கேமிலேயே ஜனங்கள் அதிகம் சிரித்த இடம் அதுதான்.

மதிப்பீட்டு நாளில் ஆட்டத்தின் நடுவே ஒரு கண்ட்ரோலர் அணைந்து, திரும்ப இணைந்தபோது ஐந்தாவது ஆளாக வந்து நின்றது. அதற்கு வேலையே இல்லை. அதை வைத்திருந்த ஆசிரியர் பட்டனை அமுக்கிக்கொண்டே, “தம்பி, நான் எங்க இருக்கேன்?” என்றார். அன்றைய தேதியில் என் நோட்டில் இருப்பது ஒரே வரி: நாலாவது கண்ட்ரோலருக்கு பேட்டரி மாற்ற வேண்டும்.