அனல்மின் நிலையத்தின் உமிழ்வுக் கணக்கும் நான் அனுப்பிய புகாரும்

நம் நாட்டில் ஓர் அனல்மின் நிலையம் எவ்வளவு கரியமில வாயுவை வெளியிடுகிறது என்பதைப் பெரும்பாலும் கணக்கிட்டே சொல்கிறார்கள். எரித்த நிலக்கரியின் எடையும் அதன் வெப்ப மதிப்பும், அதாவது ஒரு கிலோ எரிந்தால் எவ்வளவு வெப்பம் கிடைக்கும் என்ற அளவும்தான் அந்தக் கணக்குக்கு அடிப்படை. மத்திய மின்சார ஆணையம் வெளியிடும் கரியமில வாயுத் தரவுத்தொகுப்பும், 2030ஆம் ஆண்டுக்குள் உமிழ்வுச் செறிவை (உள்நாட்டு உற்பத்தியின் ஒவ்வோர் அலகுக்கும் வெளியாகும் வாயுவின் அளவை) 2005ஆம் ஆண்டின் அளவிலிருந்து 45 சதவீதம் குறைப்போம் என்று இந்தியா உலகுக்குக் கொடுத்த வாக்கும் இத்தகைய எண்களை நம்பியே இருக்கின்றன. மத்திய அரசுக்குச் சொந்தமான ஒரு நிறுவனத்தின் மின் நிலையத்தில் வேலை பார்த்தபோது, அந்த வெப்ப மதிப்பு பொய்யாக எழுதப்படுவதைக் கண்டு புகார் செய்தேன். இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். அதே இக்கட்டில் இருப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால், நிறுவனத்தின் பெயரைத் தவிர்த்து, நடந்ததை எழுதுகிறேன்.

வேகனில் வந்திறங்கும் நிலக்கரியிலிருந்து மாதிரி எடுத்து, பொடித்து, பாம் கலோரிமீட்டரில் எரித்து வெப்ப மதிப்பைக் கண்டறிவார்கள். அதைக் குறைத்து எழுதினால், மட்டமான நிலக்கரியை அதிகமாக எரிக்க வேண்டியிருந்தது என்று காட்டி, மின்சாரம் வாங்குபவர்களிடம் எரிபொருள் கட்டணத்தைக் கூட்டி வசூலிக்கலாம். எரித்த எடையை வெப்ப மதிப்பால் பெருக்கியே கணக்கிடுவதால், அதே எண்ணால் நிலையத்தின் திறன் உயர்ந்தும் கரியமில வாயு குறைந்தும் தெரியும். எனக்குக் கிடைத்த சான்று எளிமையானது. கலோரிமீட்டர் பழுதுபார்க்க வெளியூருக்குப் போயிருந்த நாட்களிலும் பதிவேட்டில் வெப்ப மதிப்பு எழுதப்பட்டிருந்தது. கருவி வாயிலைக் கடந்த தேதியும் திரும்பி வந்த தேதியும் கேட் பாஸில் இருந்தன. இடைப்பட்ட நாட்களின் எண்கள் ஒரே பேனாவில், ஒரே சாய்வில், ஓர் அடித்தல் திருத்தல் இல்லாமல், கரி படிந்த விரல் தடம்கூட இல்லாமல் வரிசையாக இருந்தன.

தேசிய நெடுஞ்சாலைப் பணிகளில் நடந்த முறைகேட்டைப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதி, தன் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட பொறியாளர் சத்யேந்திர துபே 2003 நவம்பரில் கயாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதன் பிறகே, 2004இல், முறைகேடுகளைப் பற்றித் தகவல் அளிப்போரைப் பாதுகாக்கும் தீர்மானத்தை மத்திய அரசு வெளியிட்டு, புகார்களைப் பெறும் பொறுப்பை மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்திடம் ஒப்படைத்தது. 2014இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தகவல் அளிப்போர் பாதுகாப்புச் சட்டம் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை என்பது எனக்குத் தீராத வேதனை. நமக்கு இருப்பது அந்தத் தீர்மானம் மட்டுமே; அதுவும் மத்திய அரசு, அதன் நிறுவனங்கள் ஆகியவற்றின் ஊழியர்கள் மீதான புகாருக்கு மட்டுமே பொருந்தும்.

மொட்டைக் கடிதத்தை ஏற்க மாட்டார்கள். உறைக்குள் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். உறையின் மேல் அவை இருக்கக் கூடாது. ஊழல் கண்காணிப்பு ஆணையத்தின் செயலாளருக்கு முகவரியிட்டு, எந்தத் தீர்மானத்தின் கீழான புகார் என்பதை உறைமீது எழுதி ஒட்ட வேண்டும். இத்தகைய உறைக்கு அனுப்புநர் பெயரைக் கேட்டு வற்புறுத்தக் கூடாது என்று அஞ்சல் துறை உத்தரவே இருக்கிறது. நான் வீட்டு முகவரியைக் கொடுத்திருந்தேன். புகாரை அனுப்பியது நான்தானா, வேறு எங்கேனும் இதே புகாரை அனுப்பியிருக்கிறேனா என்று கேட்டு ஒரு கடிதம் வந்தது; உறுதிசெய்து கையொப்பமிட்டு அனுப்பினேன். அதற்குப் பிறகு ஆணையம் நம்மோடு கடிதப் போக்குவரத்து வைத்துக்கொள்வதில்லை.

ஆணையம் பெயரை மறைத்தாலும், இணைக்கும் ஆவணம் நம்மைக் காட்டிக்கொடுத்துவிடும். எனவே என் பிரிவுக்கு மட்டும் வரும் தாள்களின் நகல் எதையும் நான் வைக்கவில்லை. ஆய்வகம், ஸ்டோர், பாதுகாப்பு, கணக்குப் பிரிவு ஆகிய நால்வரில் யாருக்கும் தெரிந்திருக்கக்கூடிய சான்றையே தேர்ந்தெடுத்து, பதிவேட்டின் பக்க எண்ணையும் கேட் பாஸின் தேதியையும் குறிப்பிட்டு, அவற்றைக் கைப்பற்றிப் பார்க்கும்படி எழுதினேன்.

எழுதும்போது என்னை மிகவும் உறுத்தியது வேறொன்று. இந்தத் தீர்மானத்தின் கீழ் ஊழலையோ பதவியைத் தவறாகப் பயன்படுத்தியதையோதான் புகாராகச் சொல்ல முடியும். உமிழ்வைக் குறைத்துக் காட்டியது தன்னளவில் குற்றமாக அதில் இடம்பெறவில்லை. அமெரிக்க அரசின் காலநிலை அறிவியல் திட்ட அலுவலகத்தில் பணியாற்றிய ரிக் பில்ட்ஸ், 2005இல் பதவி விலகி, அறிவியல் அறிக்கைகளின் வாசகங்களை வெள்ளை மாளிகை அதிகாரி பிலிப் கூனி கைப்படத் திருத்தியிருந்த பக்கங்களை வெளிப்படுத்தினார். கூனி அதற்கு முன் எண்ணெய் நிறுவனங்களின் சங்கத்தில் இருந்தவர். பதவி விலகியதும் எக்ஸான் மொபில் அவரைச் சேர்த்துக்கொண்டது. பில்ட்ஸுக்குப் பண இழப்பை நிரூபிக்கும் அவசியம் இருக்கவில்லை. திரிக்கப்பட்ட வாசகமே போதுமானதாக இருந்தது. நானோ கரியமில வாயுவைப் பற்றிய பத்தியைக் கடைசிக்குத் தள்ளி, நுகர்வோரிடம் கூடுதலாக வசூலித்த தொகையை முன்னால் வைக்க வேண்டியிருந்தது.

விசாரணைக் குழு வந்து பதிவேடுகளைக் கொண்டுபோனது. முடிவு என்னவென்று எனக்கு யாரும் தெரிவிக்கவில்லை. சிலர் இடம் மாற்றப்பட்டதையும், கலோரிமீட்டரின் அளவு கைப்படாமல் நேராகக் கணினிக்குப் போகும்படி மாற்றப்பட்டதையும் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டேன். ஓய்வு பெற்ற பின், அந்த ஆண்டுகளின் வெப்ப மதிப்புகள் திருத்தி அனுப்பப்பட்டனவா என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் நிறுவனத்திடம் கேட்டேன். திருத்தம் எதுவும் அனுப்பப்படவில்லை என்று பதில் வந்தது. அந்தப் பதிலை இணைத்து, உமிழ்வைத் திரும்பக் கணக்கிடக் கோரி மத்திய மின்சார ஆணையத்துக்கு, இம்முறை உறையின் மேல் என் பெயரை எழுதியே, கடிதம் அனுப்பியிருக்கிறேன்.